ஏர்பிஎன்பி எதை விற்கிறது? ஏற்காட்டுத் தோட்டத்து வீடு ஒன்றை முன்வைத்து

சேலத்தில் மேலாண்மை படிக்கும் நீங்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டையோ அறையையோ நாள் வாடகைக்கு விட வழி செய்யும் இணையத் தளமான ஏர்பிஎன்பி நிறுவனத்தின் வணிக உத்தியை அலசிக் கல்லூரிக்கு ஓர் அறிக்கை எழுத வேண்டும். தாத்தா விட்டுச்சென்ற ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து வீட்டை ஏர்பிஎன்பியில் போடலாமா என்று அம்மா கேட்கிறார். இந்த இரண்டு கேள்விகளும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கின்றன. நான் சேலத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாகத் தணிக்கை வேலை பார்க்கிறேன். மலைமேல் வாடகைக்கு விடும் சில வீடுகளின் வரவு செலவு ஆண்டுதோறும் என் மேசைக்கு வரும். அந்தக் கணக்கேடுகளைப் புரட்டிப் புரட்டி எனக்குத் தெளிவானதைச் சொல்கிறேன்.

இந்த நிறுவனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் 'ஓர் அறைகூடச் சொந்தமாக இல்லாமல் உலகம் முழுக்க அறை கொடுக்கிறது' என்றுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம். நம் புதிய பேருந்து நிலையத்தில் டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட்டிடமும் சொந்த பஸ் கிடையாது. கையில் என்ன இல்லை என்பதைவிட, விற்பது என்ன என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும். முன்பின் தெரியாத ஒருவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்கும் துணிவையும், முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில் பிள்ளைகளோடு கண்ணயரும் துணிவையும்தான் அந்த நிறுவனம் விற்கிறது. அறை அந்தத் துணிவைப் பொட்டலம் கட்டிய காகிதம்.

அதன் வரலாற்றை இந்தக் கண்ணோடு படியுங்கள். 2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைப்பாளர்களின் மாநாடு நடந்தது. ஓட்டல்கள் நிறைந்துவிட்டன. வாடகை கட்டப் பணமில்லாமல் இருந்த பிரையன் செஸ்கியும் ஜோ கெபியாவும் தங்கள் வீட்டில் மூன்று காற்று மெத்தைகளைப் போட்டு, இரவுக்கு 80 டாலர் என்று விட்டார்கள். மூன்று பேர் வந்து தங்கினார்கள். பிறகு நேதன் பிளெசார்சிக் சேர்ந்துகொள்ள, 2008-இல் நிறுவனம் பிறந்தது. முதலீட்டாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். அந்த ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல் நடந்தது. ஒபாமா, மெக்கெய்ன் பெயர்களில் காலை உணவுத் தானியப் பெட்டிகளை 40 டாலருக்கு விற்று, சுமார் 30,000 டாலர் திரட்டித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். இது சுவையான கதைதான். ஆனால் உங்கள் அறிக்கைக்கு வேண்டிய செய்தி இதற்கு அடுத்த ஆண்டில் இருக்கிறது. 2009-இல் நியூயார்க்கில் வீடுகள் ஏன் ஓடவில்லை என்று பார்த்தார்கள். வீட்டுக்காரர்கள் கைபேசியில் எடுத்த படங்கள் மங்கிக் கிடந்தன. நிறுவனர்களே நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் எடுத்தார்கள். வாராந்திர வருமானம் இரட்டிப்பானது. அறையில் ஒரு நாற்காலிகூட மாறவில்லை. பார்க்கிறவருக்கு இருந்த அச்சம் குறைந்தது, அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்து அச்சம் 2011-இல் வெடித்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெண்ணின் வீட்டை அங்கே தங்க வந்தவர் சூறையாடிவிட்டுப் போனார். நிறுவனம் முதலில் தடுமாறியது. பிறகு மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்காரர்களுக்கு 50,000 டாலர் வரை சேத உத்தரவாதம் அறிவித்தது. அது படிப்படியாக வளர்ந்து இன்று 30 லட்சம் டாலர் வரை போயிருக்கிறது. இதைத் தாராள மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விற்கும் சரக்கில் ஓட்டை விழுந்தால் வியாபாரி அடைத்துத்தான் ஆக வேண்டும்.

மதிப்புரை முறையையும் நுணுக்கமாகப் பாருங்கள். விருந்தினர் வீட்டைப் பற்றி எழுதுகிறார், வீட்டுக்காரர் விருந்தினரைப் பற்றி எழுதுகிறார். இருவரும் எழுதி முடிக்கும் வரை, அல்லது 14 நாள் கழியும் வரை, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க முடியாது. பழிக்குப் பழி வாங்குவதற்கு இடமில்லாமல் செய்த ஏற்பாடு இது. கிராமத்தில் பெண் பார்க்கப் போகும்போது இரு வீட்டாரும் தனித்தனியே மூன்றாம் வீட்டில் விசாரிப்பார்களே, அந்த விசாரணையை இயந்திரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பணமும் அப்படித்தான். விருந்தினர் பெரும்பாலும் பதிவு செய்யும்போதே கட்டிவிடுகிறார். வீட்டுக்காரருக்கோ, அவர் வந்து இறங்கி ஏறக்குறைய ஒரு நாள் கழித்துத்தான் பணம் விடுவிக்கப்படுகிறது. நடுவில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், அந்தப் பணம் நிறுவனத்திடம் இருக்கும். அதற்கு வட்டி வரும். 2024-இல் வட்டி வருமானம் மட்டும் 80 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஆண்டின் நிகர லாபமே சுமார் 265 கோடி டாலர்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். அறிக்கையில் இதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். உலக வட்டி விகிதம் இறங்கினால் இந்த ஊற்றும் வற்றும்.

மற்ற எண்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024-இல் இந்தத் தளத்தின் வழியே நடந்த மொத்தப் பதிவுகளின் மதிப்பு சுமார் 8,200 கோடி டாலர். நிறுவனத்தின் வருமானம் சுமார் 1,110 கோடி டாலர். அதாவது ஒவ்வொரு 100 ரூபாய்க்கும் 13, 14 ரூபாய் இவர்களுக்கு. வீட்டுக்காரரிடம் 3 விழுக்காடு, விருந்தினரிடம் 14 விழுக்காட்டை ஒட்டி என்பது நெடுநாள் பழக்கம். மென்பொருள் வைத்துப் பல வீடுகளை நடத்துகிறவர்களுக்கு மொத்தக் கமிஷனும் வீட்டுக்காரர் தலையில், 15 விழுக்காட்டை ஒட்டி. தளத்துக்கு வருகிறவர்களில் 90 விழுக்காட்டினர் நேராகவோ விளம்பரச் செலவின்றியோ வருகிறார்கள் என்று நிறுவனம் சொல்கிறது. போட்டியாளரான புக்கிங் நிறுவனம் வருமானத்தில் 30 விழுக்காட்டை ஒட்டி விளம்பரத்துக்குக் கொட்டுகிறது. ஏர்பிஎன்பி விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்துச் செலவிட்டது 2024-இல் 20 விழுக்காட்டுக்குள் அடங்கிவிட்டது. பெயரே வினைச்சொல்லாகிவிட்ட கடைக்குத்தான் இந்தச் சலுகை கிடைக்கும்.

இனி, வலைப்பின்னல் வலிமை, அதாவது ஆள் சேரச் சேரத் தளத்தின் மதிப்பு ஏறுவது, என்று உங்கள் பாடப்புத்தகம் சொல்வதற்கு வருகிறேன். வாடகைக் கார் செயலிகளையும் ஏர்பிஎன்பியையும் ஒரே தட்டில் வைத்து எழுதுகிற மாணவர்களை நிறையப் பார்க்கிறேன். அது பிழை. சேலத்தில் 500 கார்களைத் திரட்டினால் சேலத்தில் கார் செயலி நடத்திவிடலாம். சென்னையில் எத்தனை கார் ஓடுகிறது என்பது சேலத்துக்காரருக்குத் தேவையே இல்லை. அதனால்தான் அந்தத் தொழிலில் ஊருக்கு ஊர் புதிய போட்டியாளர் முளைக்கிறார். வீட்டு வாடகையில் கதை வேறு. ஏற்காட்டில் இருக்கும் வீட்டுக்கு ஏற்காட்டுக்காரர் வாடிக்கையாளர் கிடையாது. பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆள் வர வேண்டும். அவர்களோ கோவாவுக்கும் பாலிக்கும் இதே செயலியைத்தான் திறக்கிறார்கள். ஆகவே இங்கே ஒரு புதிய தளம் ஏற்காட்டு வீடுகள் அத்தனையையும் சேர்த்துவிட்டாலும் ஏர்பிஎன்பியை அசைக்க முடியாது. உலகளாவிய இந்தப் பின்னல்தான் அதன் கோட்டை மதில்.

ஆனால் மதிலில் ஒரு திட்டிவாசல் இருக்கிறது. அதை ஏற்காட்டில் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பெங்களூரிலிருந்து சேலம் சுமார் 200 கிலோமீட்டர். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. வெள்ளி மாலை கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வாங்கித்தான் போக வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவு வந்துவிட்டது. ஆகவே, 'சட்டென்று போய்வரலாம்' என்கிற குடும்பங்கள் நம் மலையை நோக்கித் திரும்புகின்றன. இப்படி வருகிறவர்கள் ஒரு முறையோடு நிற்பதில்லை. பிடித்துவிட்டால் அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்கு வருகிறார்கள். பாரிஸுக்குப் போகிறவர் அதே வீட்டுக்காரரை வாழ்நாளில் மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனால் அவருக்கு நடுவர் தேவை. ஏற்காட்டுக்கு மூன்றாம் முறை வருகிறவருக்கு நடுவர் எதற்கு? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி, முன்பணத்துக்கு ஒரு யுபிஐ, முடிந்தது.

நாகலூர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டத்து வீட்டில் ஒரு சனிக்கிழமை நானே இதைப் பார்த்தேன். கணக்கு பார்க்கப் போயிருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பல ஆண்டுகள் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். மாலை நாலு மணிக்குப் பின்கட்டில் விறகு பாய்லரை மூட்டிவிட்டு, சில்வர் ஓக் இலைகளை வாசலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தார். வர வேண்டிய கார் வழி தெரியாமல் ஒண்டிக்கடையில் நின்றுவிட்டது. செயலியின் வரைபடம் அவர்களை ஜீப் மட்டுமே போகும் தோட்டப் பாதைக்கு அனுப்பியிருந்தது. இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதிவழி போய் நின்று, காரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த அம்மாவின் மடியில் குழந்தை மலை வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தது. இவர் மனைவி சுக்கு தட்டிப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தார். மறுநாள் கிளம்பும்போது அந்த அம்மா நிறுவனத்தின் பெயரை நினைக்கவே இல்லை. மேஸ்திரியின் கைபேசி எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்து நட்சத்திரமும் நிறுவனத்தின் கணக்கில் ஏறியது. அதை ஈட்டியவர் அந்த நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர். ஏர்பிஎன்பியின் வலிமையும் பலவீனமும் இந்த ஒரே புள்ளியில்தான் சேர்ந்திருக்கின்றன. துணிவை விற்பது அவர்கள், துணிவை உண்மையாக்குவது யாரோ ஒரு மேஸ்திரி. அவர் நன்றாகச் செய்தால் விருந்தினர் தளத்தை விட்டு நழுவுகிறார், மோசமாகச் செய்தால் தளத்தின் பெயர் கெடுகிறது.

இந்த நழுவலைத் தடுக்கத்தான் நிறுவனம் இத்தனை பாடுபடுகிறது. பதிவு உறுதியாகும் முன் தொலைபேசி எண்ணைப் பரிமாற முடியாது. சேத உத்தரவாதம் தளத்தின் வழி வந்தவருக்கு மட்டுமே. சூப்பர்ஹோஸ்ட் என்று சிறந்த வீட்டுக்காரருக்குத் தளம் தரும் தகுதிக்கு ஐந்துக்கு 4.8 மதிப்பெண், 90 விழுக்காடு பதிலளிப்பு, மிகக் குறைந்த ரத்து என்று படிக்கட்டு கட்டி, வீட்டுக்காரரின் நற்பெயர் தளத்துக்கு வெளியே செல்லாக்காசாகும்படி செய்திருக்கிறார்கள். நீங்கள் பத்து ஆண்டு சேர்த்த மதிப்புரைகளை மூட்டை கட்டி வேறு தளத்துக்கு எடுத்துப்போக முடியாது.

உங்கள் தாத்தா காப்பித் தோட்டக்காரர் என்பதால் ஓர் ஒப்புமை சொல்கிறேன். சேர்வராயன் மலையில் 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்திலேயே காப்பி வந்துவிட்டது. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, விளைந்த காப்பியைக் காப்பி வாரியத்தின் 'பூல்' என்ற பொதுக் கிடங்கில்தான் சேர்க்க வேண்டும் என்று இருந்தது. வாரியம் தரம் பிரித்து விற்கும். பணம் தவணை தவணையாக வரும். விற்காமல் போகுமோ என்ற கவலை இல்லை. ஆனால் உங்கள் தோட்டத்துக் கொட்டை அடுத்த தோட்டத்துக் கொட்டையோடு கலந்துவிடும், பெயர் மறைந்துவிடும். 1990-களில் படிப்படியாகத் தளர்த்தி, 1996-இல் அந்தக் கட்டாயம் முழுவதும் நீங்கியது. அதற்குப் பிறகுதான் தங்கள் தோட்டத்தின் பெயரிலேயே காப்பி விற்கலாம் என்று சிலருக்குத் தோன்றியது. விலை சரிந்தபோது பூல் காலமே தேவலை என்று ஏங்கியவர்களும் உண்டு. ஏர்பிஎன்பியும் ஒரு பூல்தான். சேரச் சொல்லிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை என்பது ஒன்றுதான் வேறுபாடு. ஆகவே அம்மாவிடம் 'சேரலாமா வேண்டாமா' என்று பேசாதீர்கள். 'எத்தனை இரவுகளைப் பூலில் போடுவது, எத்தனையை நம் பெயரில் விற்பது' என்று பேசுங்கள்.

அதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் என் அனுமானம், நீங்கள் உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். இரண்டு படுக்கையறை, இரவுக்கு 6,000 ரூபாய். வெள்ளி, சனி இரவுகள் ஆண்டுக்கு 104. மழைக்காலத்தையும் தேர்வுக்காலத்தையும் கழித்து 70 போகிறது என்று வையுங்கள். மே மாதக் கோடை விழா, பொங்கல், தீபாவளி, ஆண்டிறுதி விடுமுறைகளில் வார நாட்களிலும் சேர்த்து இன்னும் 25. ஆக 95 இரவுகள், 5,70,000 ரூபாய். பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மாதம் 14,000 என்றால் 1,68,000. ஒரு தங்கலுக்குத் துவைப்பு, துப்புரவு, விறகு, காப்பித்தூள் எல்லாம் சேர்த்து 900 வீதம், சராசரி இரண்டு இரவுத் தங்கல் என்று கொண்டால் ஏறக்குறைய 43,000. மின்சாரம், இணையம், தண்ணீர் 60,000. மலை ஈரத்தில் ஓடு மாற்றுவது, பூசணம் பிடித்த மெத்தையைத் தூக்கிப் போடுவது, வெள்ளையடிப்பது என்று 90,000. மிச்சம் சுமார் 2,09,000. மொத்தமும் தளத்தின் வழியே, கமிஷன் முழுவதும் உங்கள் தலையில் என்று வைத்து, 15 விழுக்காட்டில் போனால் அதில் 85,500 கமிஷனாகப் போய்விடும். லாபத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! பாதி இரவுகளைப் பழைய விருந்தினர்களுக்கு நேராக விற்றால் 42,000-க்கும் மேல் வீட்டில் தங்கும். அதே சமயம், தளமே இல்லாவிட்டால் முதல் ஆண்டில் அந்த 95 இரவுகளில் 20-ஐ நிரப்புவதே கடினம். கமிஷனைத் திட்டுகிறவர்கள் இந்தக் கடைசி வரியை மறந்துவிடுகிறார்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தளத்தில் பதிவு செய்துவிட்டு, 'அதை ரத்து செய்யுங்கள், நேரில் கொடுங்கள்' என்று விருந்தினரிடம் பேரம் பேசுவது விதிமீறல், நேர்மையும் இல்லை. முதல் முறை அவர்கள் கூட்டிவந்த ஆளுக்கு அவர்கள் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அவரே தேடி வந்தால் அது உங்கள் உழைப்பு.

2020-ஐ அறிக்கையில் விடாதீர்கள். கொரோனா வந்த மார்ச்சில், வீட்டுக்காரர்கள் வைத்திருந்த ரத்து விதிகளை ஒதுக்கிவிட்டு, நிறுவனம் விருந்தினர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தது. வீட்டுக்காரர்கள் கொதித்துப் போனார்கள். தங்களைக் கலந்து பேசாததற்குச் செஸ்கி அவர்களிடம் மன்னிப்புக் கேட்டு, 25 கோடி டாலர் ஒதுக்கினார். மே மாதம் சுமார் 1,900 ஊழியர்களை, ஏறக்குறைய நால்வரில் ஒருவரை, அனுப்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 68 டாலருக்கு விற்ற பங்கு சந்தையில் 146 டாலரில் திறந்தது. நெருக்கடியில் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வந்தபோது நிறுவனம் விருந்தினர் பக்கம் நின்றது. அறிக்கைக்கு இது ஒரு முடிவு, அம்மாவுக்கு இது ஓர் எச்சரிக்கை. வீட்டுக் கடன் தவணையை இந்த வருமானத்தை நம்பி வைக்கக் கூடாது.

நீண்டகால அபாயம் போட்டியாளரிடமிருந்து வருவதைவிட உள்ளாட்சி நிர்வாகங்களிடமிருந்து வருவதே அதிகம். 2023 செப்டம்பர் முதல் நியூயார்க்கில் 30 நாளுக்குக் குறைந்த வாடகைக்குப் பதிவு கட்டாயம், வீட்டுக்காரரும் உடன் இருக்க வேண்டும், இரண்டு விருந்தினருக்கு மேல் கூடாது. பெரும்பாலான குறுகியகால வீடுகள் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் 10,000-க்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை முடிக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. அங்கே பிரச்சினை உள்ளூர்க்காரருக்கு வாடகை எட்டாமல் போனது. நம் மலையில் பிரச்சினை தண்ணீரும் குப்பையும். கோடையில் ஏரி சுருங்கும்போது லாரித் தண்ணீருக்கு ஊரே காத்திருக்க, வாடகை வீட்டில் ஆறு பேர் ஷவரில் குளிப்பதைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்தப் பார்வை ஒருநாள் விதியாக மாறும். அதற்கு முன்பே மழைநீர்த் தொட்டி கட்டிவிடுவது வியாபாரத்துக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது.

வரி விஷயம் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. ஜிஎஸ்டி பதிவுக்குக் கட்டுப்படாத வீட்டுக்காரர் இணையத் தளம் வழி அறை கொடுத்தால் அந்த வரியைத் தளமே கட்ட வேண்டும் என்பது சட்டம். நாள் வாடகை 7,500 வரை உள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசின் இணையத்தில் பதிய வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம். சுற்றுலாத் துறையில் ஹோம்ஸ்டே பதிவை முதலில் முடித்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.

பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்கு மாதச் சம்பளத்தோடு ஒவ்வொரு தங்கலுக்கும் ஒரு பங்கு வையுங்கள். என் கணக்கேடுகளில் நிலைத்து ஓடும் வீடுகள் எல்லாம் இப்படிச் செய்தவைதான்.

படங்களை நீங்களே எடுங்கள், வெயிலிலும் எடுங்கள், பனிமூட்டத்திலும் எடுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மலையில், வேறொரு தளத்தின் வழி, குடும்பத்தோடு ஒரு வீட்டில் தங்கினேன். படத்தில் சன்னல் வழியே பள்ளத்தாக்கு தெரிந்தது. போய்ப் பார்த்தால் அந்தச் சன்னல் மொட்டை மாடிக் குளியலறையில் இருந்தது. என் பெண் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அந்த வீட்டுக்காரர் ஒரு நல்ல படத்தில் சம்பாதித்ததை ஒரே இரவில் இழந்தார். இன்றுவரை நான் அந்த வீட்டை யாருக்கும் சொன்னதில்லை.

அறிக்கையின் முதல் பக்கத்தை எழுதும் முன் ஒன்று செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமை அம்மாவோடு அந்த வீட்டுக்குப் போங்கள். சொந்தக்காரராகப் போகாமல், வழி தெரியாத பெங்களூர்க் குடும்பமாகப் போங்கள். வரைபடம் எந்தப் பாதையில் கொண்டுபோய் விடுகிறது, எந்த வளைவில் கைபேசிச் சிக்னல் போகிறது, இரவு ஒன்பது மணிக்குக் குழாயில் வெந்நீர் வருகிறதா, காட்டெருமை வாசலில் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டையும் உங்கள் அறிக்கையின் முதல் வரைவையும் சேர்த்து எனக்குக் காட்டினால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.